நேர் ரோட்டில் ஒரு வளைவு

அந்தத் தெருவில் பல் டாக்டர் என்று கேட்டால் கார் பட்டறையைத்தான் காட்டுவார்கள். கியர் பெட்டிக்குள் இருக்கிற பல் சக்கரங்களைப் பார்ப்பதில் அந்தப் பட்டறைக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். நிஜமான பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்று, கிரீஸ் கையோடு ஒருவர் வெளியே வருவதைப் பார்த்து மிரண்டு போனவர்களும் உண்டு. அப்படி வருகிறவர்களையெல்லாம் அவர் சம்சாரம் தெருக்கோடியில் இருக்கும் அசல் பல் டாக்டரம்மாவிடம் அனுப்பிவைப்பாள். அனுப்பி அனுப்பியே அந்த அம்மாவோடு பழக்கமாகி, கடைசியில் அந்த அம்மாவின் காரே பட்டறைக்கு வர ஆரம்பித்துவிட்டது.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. கருநீலம். பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். மிதித்தால் பந்தயக் காருக்குச் சித்தப்பா பிள்ளை என்று தெரிந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை போகவேண்டும் என்று உள்ளே ஒரு பெட்டி நொடிக்கு நொடி யோசித்துக்கொண்டே இருக்கும். அந்த அம்மா நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவர். லீவு நாளில் ஊருக்கு வெளியே போய் அதை விரட்டிவிட்டு வந்தால்தான் அவருக்கு மனசு லேசாகும்.

அந்தக் கார்தான் இப்போது பட்டறை நடுவில் நின்றுகொண்டிருந்தது. மூன்று நாளாகப் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியிலோ காலையிலிருந்து பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். பல் டாக்டர் அந்தச் சத்தம் காதில் விழாத மாதிரி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

மாடியில் மூட்டை கட்டுவது அவருடைய மச்சான், சம்சாரத்தின் தம்பி. ஏழு வருஷமாக அவருக்கு வலது கை. கல்யாணம் ஆனதும் மாடிப் பகுதியிலேயே குடி வைத்தார்கள். ஒரே அடுப்பு இல்லையே தவிர, குழம்பு கிண்ணம் மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அரை நாள் பயண தூரத்தில் ஒரு லாரி கம்பெனிப் பட்டறையில் வேலை பேசிவிட்டான். நாலு மணிக்குச் சாமான் ஏற்ற வண்டி வருகிறது.

எல்லாம் ஒரு விளக்கால் வந்த வினை.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கார் சர்வீசுக்கு வந்தது. பின் அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் மாற்றியது மச்சான். பத்தாம் நாள் அந்த அம்மா காரோடு திரும்பி வந்தார். வண்டியை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும், முன்னால் உள்ள பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு. நாலு சக்கரமும் நடுவில் ஓர் அச்சும் போட்ட படம். வண்டியை நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் விளக்கு இல்லை. கொஞ்சம் ஓடினதும் மறுபடி வந்துவிடும். கம்ப்யூட்டரை மாட்டிக் கேட்டால், பின் டிஃபரன்ஷியல் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சொன்னது.

சூடு என்றதுமே பல் டாக்டருக்கு எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய் என்றதும் மச்சான் தெரிந்தான்.

"என்ன எண்ணெய் ஊத்தின?"

"டப்பா அங்கேயே இருக்கு மாமா. பாருங்க."

"டப்பா சரி. அளவு?"

"வழியிற வரைக்கும் ஊத்தித்தான் மூடினேன். இன்னைக்கு நேத்தா ஊத்துறேன்?"

எண்ணெயை இறக்கிப் பார்த்தார்கள். லேசாகக் கறுத்திருந்தது. புது எண்ணெய் விட்டு ஓட்டினார்கள். பன்னிரண்டாவது நிமிஷம் விளக்கு சமர்த்தாக வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது டாக்டரம்மா கேட்டார்: "சர்வீஸ் பண்ணப்ப வேற ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தலம்மா. எண்ணெய் மட்டும்தான். அதுவும் இவன்தான் பண்ணினான்."

அந்த அம்மா மச்சானை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்துக் கடை வெல்டரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார். பல் டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "முதல்ல ஊத்தினதுலயே உள்ள எல்லாம் வெந்து போயிருக்கும். இனிமே பிரிச்சுத்தான் பாக்கணும். உங்க அக்கா மூஞ்சிக்காகத்தான்டா உன்னைய வெச்சிருக்கேன்" என்றார்.

மச்சான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மேல்சட்டையை ஆணியில் மாட்டினான். மாடிக்குப் போய்விட்டான். அது நடந்து மூன்று நாள்.

சம்சாரம் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். வைத்தவள் போகாமல் நின்றாள்.

"பிரிக்கப் போறீங்களா?"

"வேற வழி?"

"அவன் முந்தாநாள் என்கிட்ட ஒண்ணு சொன்னான். பிரிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர மாட்டிக்கிட்டே ஒரு தடவ ஓட்டிப் பாக்கச் சொல்லு அக்கான்னான். நின்ன வண்டியில கேட்டா அது பழைய கதையத்தான் சொல்லுமாம். ஓடும்போதுதான் உண்மையச் சொல்லுமாம்."

"ஓட்டுறது நானு. கம்ப்யூட்டர யாரு பாக்குறது? எப்பவும் அவன்தான் பாப்பான்."

"நான் உக்காருறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"எண்ணு படிக்கத் தெரியும். அது போதாதா?"

அவருக்கும் உள்ளுக்குள் பிரிக்க மனசில்லை. பிரித்தால் நாலு நாள் வேலை. பிடித்துக்கொடுக்கக்கூட ஆள் இல்லை. தவிர, மாடியில் கேட்கிற சத்தத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்தால் போதும் என்று இருந்தது. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

ஊருக்கு வெளியே கிடங்குகளுக்கு நடுவில் ஒரு ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் நீளச் சுவர். மதியத்தில் லாரிகூட வராது. மழை கழுவிவிட்ட தார் பளிச்சென்று கிடந்தது. சம்சாரம் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அது எங்கே விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன படிக்கணும்?"

"நாலு எண் ஓடும் பாரு, அது நாலு சக்கரம். எது எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு. அத விடு. அதுக்குக் கீழ சூடுன்னு இருக்கும். அத மட்டும் படிச்சிட்டே வா."

"எழுபத்திரண்டு."

"ம்."

"எண்பத்தஞ்சு. ஏங்க, இந்த நாலு எண்ணும் கண்ணு முன்னாடியே ஓடிக்கிட்டிருக்கு. எப்படிப் பாக்காம இருக்கிறது?"

"பாத்துக்கோ. சூட்டப் படி."

"தொண்ணூத்தெட்டு. அவன் பொண்டாட்டி ரெண்டு நாளா சாப்பிடலங்க."

"இப்ப எதுக்கு அது?"

"சூடு ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிரலாம்னுதான். நூத்தி ஆறு. அந்தப் பொண்ணுக்குப் போக இஷ்டமே இல்ல. அவனுக்கும் இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா நின்னுருவான்."

"தப்பு பண்ணினது அவன். நான் எதுக்கு வார்த்த சொல்லணும்?"

அவர் ரோட்டின் கோடிவரை போய் வண்டியைத் திருப்பினார். மறுபடி அறுபதில் நிதானமாக விட்டார்.

"நூத்திப் பதினெட்டு" என்றவள் திரையையே பார்த்தாள். "ஏங்க, இந்த இடது பக்கம் ரெண்டும் ஒரு கட்சியா?"

"என்ன கட்சி?"

"இடது பக்கம் முன்னாடி பின்னாடி ரெண்டும் அறுபத்தொண்ணு. வலது பக்கம் ரெண்டும் அறுபது. போனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. திரும்பி வர்றப்பவும் இப்படித்தான் இருக்கு."

"வளைவுல அப்படித்தான் இருக்கும். வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் ஜாஸ்தி, அது வேகமா சுத்தும்."

"வளைவா? எங்க இருக்கு வளைவு?"

அவர் முன்னால் பார்த்தார். கயிறு பிடித்துப் போட்ட மாதிரி ரோடு நேராகக் கிடந்தது. அவர் கையில் ஸ்டியரிங்கும் நேராகத்தான் இருந்தது. அதே சமயம் மஞ்சள் விளக்கு வந்தது.

"நூத்தி நாப்பது" என்றாள் அவள்.

பல் டாக்டர் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் பின் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். டயரின் பள்ளத்தில் கட்டை விரல் நகத்தை விட்டார். நுனிதான் போனது. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பின் வலது டயரில் விட்டார். நகம் முழுசாக முங்கியது. முன்னால் போனார். முன் வலது புதுசு, முன் இடது பழசு. இன்னொரு தடவை நாலையும் சுற்றி வந்தார். சுற்றி வந்தால் மாறிவிடுமா என்ன?

அவருக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சர்வீஸ் அன்று மச்சான் அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். முன் வலது டயரில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதை இவர் பார்த்தார். பாவம், நல்ல அம்மா, ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று, கையோடு கையாக அதைக் கழற்றிப் பின் இடதில் போட்டு, பின் இடதில் இருந்ததை முன்னால் கொண்டுவந்து போட்டார். அவர் பார்க்கிற சாதா வண்டிகளுக்கெல்லாம் முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். ஓரம் சீராகத் தேயும். இதற்கென்று எதுவும் வாங்குவதில்லை. அதனால் சீட்டிலும் எழுதுவதில்லை. பின் சக்கரம் இரண்டுக்கும் அந்த அம்மா வேறெங்கோ புது டயர் போட்டிருந்தார். முன்னால் இரண்டும் பழசு. ஒரே கம்பெனி, ஒரே நம்பர். அதனால் அவர் பள்ளத்தை உற்றுப் பார்க்கவில்லை.

தேய்ந்த டயர் புது டயரைவிட அரை விரல் தடிமன் அளவுக்குத்தான் சின்னது. ஆனால் அதே தூரத்துக்கு அது அதிகம் சுற்றவேண்டும். ஜோடி ஜோடியாக இருந்தவரை தெரியவில்லை. இவர் போட்ட போட்டில் இடது பக்கம் முழுக்கப் பழசு, வலது பக்கம் முழுக்கப் புதுசு. ஸ்டியரிங் நேர் என்கிறது, சக்கரங்கள் வளைவு என்கின்றன. உள்ளே இருக்கிற பெட்டி குழம்பிப்போய், இடது சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து, அதை டிஃபரன்ஷியலில் பிடி பிடி என்று பிடிக்கிறது. பிடித்தால் சூடாகாமல் என்ன செய்யும்?

"என்னங்க? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" சம்சாரம் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

பல் டாக்டர் சாமி இல்லை. ஒரு நிமிஷம் அவருக்கும் தோன்றத்தான் செய்தது. ஜாக்கி பின்னால் இருக்கிறது. அரை மணி நேர வேலை. டயரை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, ஒயர் ஒன்று தளர்ந்திருந்தது என்று சொன்னால் இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? வெல்டருக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது. மச்சான் நாலு மணிக்குப் போய்விடுவான். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"டயரு" என்றார்.

"டயருக்கு என்ன? மாத்தினீங்களா?"

"மாத்தல."

"அப்புறம்?"

"குறுக்கே போட்டேன்."

பட்டறையில் மாற்றுவது என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது. இருக்கிறதையே இடம் விட்டு இடம் போட்டால் அதற்குப் பெயர் குறுக்கே போடுவது. 'குறுக்கே போட்டீங்களா' என்று டாக்டரம்மா கேட்டிருந்தால் ஆமாம் என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். அவர் கேட்டது 'மாத்தினீங்களா'. இவரும் சத்தியமாக இல்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் உண்மை. நடுவில் மச்சான் மாட்டிக்கொண்டான்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எண் படிக்கத் தெரிந்தவள்தானே. "அப்ப என் தம்பி மேல தப்பே இல்ல" என்றாள்.

"இல்ல."

"ஏறுங்க வண்டியில. மூணரை ஆச்சு."

"இரு. டயரப் பழையபடி போட்டு, ஓட்டிப் பாத்து, நிச்சயம் பண்ணிக்கிட்டு..."

"அன்னைக்கு ஓட்டிப் பாத்து நிச்சயம் பண்ணிக்கிட்டா அவன அப்படிப் பேசினீங்க?"

அவர் ஏறினார்.

சாமான் வண்டி சீக்கிரமே வந்துவிட்டிருந்தது. பீரோ ஏறியாயிற்று. கழற்றிய கட்டில், பலகை பலகையாக வெளியே சுவரில் சாய்ந்து நின்றது. மச்சான் வண்டி மேல் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். அவன் பொண்டாட்டி மாடிப்படியில் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெல்டர் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்தார்.

"மச்சான். எண்ணெய் சரியாத்தான் இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியும்." அவன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தப்பு என்னுது. டயர நான்தான் குறுக்கே போட்டேன். இடது முழுக்கப் பழசு, வலது முழுக்கப் புதுசு."

மச்சானின் கை நின்றது. அவன் மூளைக்குள் நாலு சக்கரமும் ஒரு சுற்று சுற்றி முடிவது முகத்தில் தெரிந்தது. "அதான் சூடு" என்றான் தன்னையறியாமல். பிறகு கயிற்றை மறுபடி பிடித்தான். "டாக்டரம்மா முன்னாடி சொன்னீங்க. வெல்டர் அண்ணன் முன்னாடி சொன்னீங்க. இப்ப என் காதுல மட்டும் விழுற மாதிரி மெதுவா சொல்றீங்க."

நியாயம்தான். பல் டாக்டர் போனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் பல் ராவும் மிஷின் சத்தம் வந்து நின்றது.

"அம்மா, உங்க காருக்கு ஒண்ணும் இல்ல. நான் கேக்காமலே டயர இடம் மாத்திப் போட்டுட்டேன். அதனாலதான் விளக்கு. எண்ணெய் போட்டவன் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

வெல்டர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"போன வருஷம் ஒருத்தர் காது வலின்னு வந்தார்" என்றது போன். "இருபது நாளா காதுல மருந்து ஊத்திக்கிட்டிருக்கார். பாத்தா, நான் கட்டி விட்ட பல்லு ஒண்ணு மயிரிழை உசரம். கடிக்கிறப்பெல்லாம் தாடை இடிச்சு வலி காதுக்குப் போயிருக்கு. நான் என்ன பண்ணட்டும்? உக்கார வெச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லி ராவி விட்டேன். உங்க மச்சான் பக்கத்துல இருக்காரா? அவர நானும் அன்னைக்கு முறைச்சுட்டு வந்துட்டேன். மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. ஐயோ, இங்க ஒருத்தர் வாயத் திறந்தபடி இருக்கார், வெச்சிர்றேன்."

படியில் உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மச்சான் சிரிக்கவில்லை. "ஓட்டிப் பாத்தீங்களா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"ஓட்டிப் பாக்காமலேயா அந்தம்மாகிட்ட சரியாப் போச்சுன்னு சொல்றீங்க?" சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தான். தொழில் தெரிந்தவனுக்கு அரைகுறையாக ஒரு வேலையைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான். பேசாமலே இரண்டு பேரும் ஆளுக்கொரு சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒருவர் கை நீட்டும்போது அடுத்தவர் கையில் சரியான சாமான் இருந்தது. சாமான் வண்டிக்காரர் மட்டும், "இப்ப நான் ஏத்தவா, இறக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் அவர் போய் வெல்டரோடு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

கிடங்கு ரோட்டில் பல் டாக்டர் ஓட்ட, மச்சான் மடியில் கம்ப்யூட்டர்.

"முன்னாடி ரெண்டும் ஒண்ணு. பின்னாடி ரெண்டும் ஒண்ணு. சூடு எழுபது."

"ம்."

"முன்னாடிக்கும் ரெண்டு புதுசு வாங்கிரச் சொல்லணும் அந்தம்மாகிட்ட. இந்த மாதிரி வண்டிக்கு நாலும் ஒரே வயசா இருக்கணும்."

"சொல்லிரலாம்."

பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டு ஆனது. எழுபத்திமூன்றில் சூடு நின்றது. இருபது நிமிஷம் ஆனபோதும் விளக்கு வரவில்லை. மச்சான் கம்ப்யூட்டரை மூடினான்.

"எண்ணெய் விஷயம் முடிஞ்சுது. இன்னொண்ணு சொன்னீங்களே."

பல் டாக்டர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். அவர் இந்தப் பேச்சுக்குத்தான் பயந்துகொண்டிருந்தார்.

"உங்க அக்காவுக்காக வெச்சிருந்தா முதல் வருஷமே அனுப்பியிருப்பேன்டா. அப்ப நீ உடைச்சது கொஞ்சமா?" என்றார். வேகத்தைக் குறைத்தார். "மூணு நாளா எனக்கு எந்த சாமான் எங்க இருக்குன்னே தெரியல. வேலை செய்யவே பிடிக்கல. கோவத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். நீ போயிருவேன்னு நினைச்சா எனக்குப் பயமா இருக்கு. போகாத."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கிடங்குச் சுவர் முடிந்து வீடுகள் வந்தன.

"கட்டிலு மட்டும் நான் மாட்ட மாட்டேன். கழட்டினதே போதும்."

"நான் மாட்டுறேன்."

சாமான் வண்டி கிளம்பிப் போனபோது பொழுது சாயவில்லை. பீரோவை வெல்டரும் வண்டிக்காரரும் மேலே ஏற்றிவிட்டார்கள். பல் டாக்டர் கட்டிலின் நாலு பலகையையும் தானே சுமந்துபோய், மாடி அறையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அக்காளும் தம்பி பொண்டாட்டியும் முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார்கள். மச்சான் நிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எத்தனையோ கியர் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய மனுஷன், ஒரு கட்டிலை மாட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

மாட்டி முடித்து எழுந்தார். கையை உதறினார். தரையில் ஒரு போல்ட் கிடந்தது.

எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாலு பேரும் அந்த போல்ட்டைப் பார்த்தார்கள். அவர் மச்சானை நிமிர்ந்து பார்த்தார். "கழட்டுறப்ப நீ..." என்று ஆரம்பித்துவிட்டார்.

சம்சாரத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"இல்ல. நான்தான் எங்கேயோ விட்டுட்டேன்" என்றார் பல் டாக்டர். வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முனகியபடி கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்தார். இருட்டில் துழாவினார். கொஞ்ச நேரத்தில் அவர் தோளை இன்னொரு தோள் இடித்தது. மச்சானும் உள்ளே வந்து பக்கத்தில் படுத்திருந்தான். மேலே பார்த்து, ஒரே ஒரு ஓட்டையில் விரலை வைத்தான்.

"இங்க. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க மாமா."